நகரியத்தில் எவர் குரல்?

நெய்வேலிப் பழுப்பு நிலக்கரி நிறுவனம் 1956இல் அமைந்தது. சுரங்கத்திற்கும் நகரியத்திற்கும் நிலமளித்து ஊர் பெயர்ந்தோருள் உழவர் பலர். வட்டம் வட்டமாக வகுக்கப்பட்ட அந்நகரியத்தில் எவ்வீட்டைப் பழுதுபார்ப்பது, எதனை இடிப்பது, எம்மனையைக் கடைக்கு விடுவது என்பனவற்றை நிறுவனமே முடிவு செய்கிறது. மக்கள் தேர்ந்தெடுத்த நகராட்சி மன்றம் அங்கில்லை. நிறுவனத்தின் வீடு, நிறுவனத்தின் முடிவு என்பர் சிலர். ஓரளவு மெய்தான். ஆயினும் ஒரே பங்கு வைத்திருக்கும் நெசவாளிக்கும் நம் சங்கப் பேரவையில் ஒரு வாக்குண்டு. கிடங்கு கட்டுவதாயினும் அவர் எழுந்து கணக்குக் கேட்கலாம். கேளாது செய்வதன் விளைவை நாம் கண்டோம்: 2023 ஜூலையில் வளையமாதேவியில் வாய்க்காலுக்காக நின்ற நெற்பயிரை இயந்திரங்கள் புரட்டியபொழுது மாவட்டமே கொந்தளித்தது. ஆதலின் குடியிருப்போர், கடைக்காரர், நிலமளித்தோர் ஆகியோர் அமரும் ஆலோசனைக் குழுவொன்றை நிறுவனம் அமைத்து, திட்ட வரைபடத்தை வேலை தொடங்குமுன்பே அறிவிப்புப் பலகையில் இடுமாறு வேண்டுகிறோம்.