நோய் குழாயில், வைத்தியம் கார்புரேட்டருக்கு

1965 மஸ்டாங்கின் 225 குதிரைசக்தி 289 எஞ்சினுக்கு ஃபோர்டு மாட்டி அனுப்பிய 480 சிஎஃப்எம் ஆட்டோலைட் 4100 கார்புரேட்டர் போதவே போதாது, 750 ஹோலி டபுள் பம்பர் மாட்டினால்தான் அதன் பட்டினி தீரும் என்று நண்பர் எழுதியிருக்கிறார். காட்சி, கருதல், உரை என்று நம் தருக்க நூல்கள் அளவைகளை வகுத்துவைத்திருக்கின்றன. ஒரே கட்டுரையில் மூன்றையும் கோட்டைவிடுவது சாமானியர்களுக்குக் கைவராது.

முதலில் காட்சி. குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பினால் 'டிக் டிக்' சத்தம், சூடேற ஏற அது மட்டுப்படுகிறது. ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் சைலன்சரில் படபடவென்று வெடிப்பு. ஆக்ஸிஜன் மீட்டரோ கலவை லீன் என்கிறது. இத்தனையையும் கண்டும் கேட்டும் அறிந்தவர், சத்தத்தை லிஃப்டர் தலையில் கட்டிவிட்டு மற்ற இரண்டையும் கார்புரேட்டரின் கணக்கில் எழுதுகிறார். வார்ப்பிரும்பு எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு சூட்டில் விரிந்து, கசியும் இடுக்கைக் குறுக்குவதால்தான் சத்தம் தணிகிறது என்பதும், காலை எடுக்கையில் அதே இடுக்கின் வழியே புகும் வெளிக்காற்று, எரியாமல் வந்த பெட்ரோலோடு கலந்து குழாய்க்குள் வெடிக்கிறது என்பதும், பழைய வண்டியின் பானெட்டைத் திறந்து பழகிய எவருக்கும் தெரியும். மீட்டர் அளப்பது பெட்ரோலை அல்ல, ஆக்ஸிஜனை. சென்சாருக்கு முன்னால் ஓட்டை இருந்தால் அது உறிஞ்சும் காற்றையும் சேர்த்துத்தான் கணக்குக் காட்டும்.

இந்த இடத்தில் நண்பர் தன் வாதத்துக்குத் தானே குழி தோண்டுகிறார். பிளக்குகளைக் கழற்றியபோது கரி அப்பியிருந்ததாம். மீட்டர் பேச்சைக் கேட்டு ஜெட்டைப் பெரிதாக்கியதும் கரி இன்னும் கூடியதாம்! பட்டினி கிடப்பவன் புளியேப்பம் விடுவானா? எஞ்சினை அணைத்து ஆறவிட்டு, வாக்குவம் கிளீனர் காற்றை வெளித்தள்ளும் முனையை டெயில் பைப்பில் பொருத்தி, மேனிஃபோல்டு இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தெளித்திருந்தால் ஓட்டை தானே நுரைத்துக் காட்டியிருக்கும். ஆனால் சோப்புத் தண்ணீரை வைத்துக்கொண்டு மேதாவித்தனம் காட்ட முடியாதே.

அடுத்தது கருதல். 289 கன அங்குலத்தை 6000 சுற்றால் பெருக்கி 3456-ஆல் வகுத்தால் 502 வரும். சிலிண்டர்கள் 85 சதவீதம் நிரம்புவதாகக் கொண்டால் 426. இந்த எஞ்சினின் உச்ச சக்தியோ 4800 சுற்றிலேயே வந்துவிடுகிறது. சிலிண்டர்கள் முழுக்க நிரம்பினாலும் 750 சிஎஃப்எம் கேட்க வேண்டுமென்றால் அது ஏறக்குறைய 9000 சுற்று சுழல வேண்டும். அதற்கு வெகுமுன்பே உதிரிபாகங்களைப் பொறுக்கக் கோணி தேவைப்படும். "இரண்டு வாய் ஹோலியே 500 தரும்போது நான்கு வாய் ஆட்டோலைட் வெறும் 480-தானா?" என்று எகத்தாளம் வேறு. இரண்டு வாய் கார்புரேட்டரை 3 அங்குல வாக்குவத்திலும், நான்கு வாயை 1.5 அங்குலத்திலும் அளப்பது வழக்கம். ஒரே தராசில் வைத்தால் அந்த 500 சுமார் 354 ஆகிவிடும். தராசையே பார்க்காதவர் எடையைப் பற்றி வாய்திறக்கலாமா?

"இரண்டாம் ஜோடி வாய்கள் தேவைக்கேற்பத்தானே திறக்கும், பெரிதாக இருந்தால் என்ன நஷ்டம்?" என்பது அடுத்த அஸ்திரம். வாக்குவத்தால் திறக்கும் வகைக்கு அது ஓரளவு பொருந்தும். அவர் சிபாரிசு செய்வதோ டபுள் பம்பர்! அதில் இரண்டாம் ஜோடி, கால் அழுத்துகிற அழுத்துக்குத் திறக்கும். எஞ்சினின் தேவையை யாரும் விசாரிப்பதில்லை. வாய் அகன்றால் காற்றின் வேகம் குறையும், வேகம் குறைந்தால் பெட்ரோலை இழுக்கும் விசை தளரும், வண்டி திணறும். தன் பக்கத்துச் சாட்சி யாரென்றே தெரியாமல் ஒருவர் வழக்காடலாமா?

கடைசியில் உரை, அதாவது ஆப்த வாக்கியம்: "கேரல் ஷெல்பியே ஜிடி350-க்கு 715 ஹோலி வைத்தார்." வைத்தார்தான். கூடவே உயர்ந்த அலுமினிய இன்டேக், ட்ரை-ஒய் ஹெடர்கள், சாலிட் லிஃப்டர் கேம் எல்லாம் இருந்து, எஞ்சின் 306 குதிரைசக்தி தந்தது. இவை ஒன்றுமில்லாத வண்டிக்கு கார்புரேட்டரை மட்டும் பிடுங்கி மாட்டச் சொல்பவர், ஷெல்பியைவிட 35 சிஎஃப்எம் கூடுதலாகவும் கேட்கிறாரே, அது எந்த ஞானத்தில்?

விடை அவருடைய முதல் பத்தியிலேயே கிடக்கிறது: 750-ஐ ஏற்கெனவே வாங்கிவிட்டாராம், பெட்டியில் தூங்குகிறதாம். ஆக, தீர்ப்பு முதலில் வந்தது. விசாரணை பிறகு ஜோடிக்கப்பட்டது. கார்புரேட்டர் சிறியதா என்று அறிய ஆக்ஸிலரேட்டரை முழுக்க அழுத்தி, உச்ச சுற்றில் இன்டேக் மேனிஃபோல்டு வாக்குவத்தைப் பார்த்தால் போதும், 1.5 அங்குலத்தைத் தெளிவாகத் தாண்டினால் பேசலாம். அந்த ஓர் எண்ணை மட்டும் கட்டுரை முழுக்கக் காணோம்.

289 வைத்திருக்கும் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை: எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு கசிவை அடைக்கும்வரை மீட்டரை நம்பி ஒரு ஜெட்டைக்கூட மாற்றாதீர்கள், நண்பரை நம்பி கார்புரேட்டரை மாற்றவே மாற்றாதீர்கள்.