முதுமையில் நடை மட்டும் போதாது

மும்பையின் குர்லா கிழக்கில் நேரு நகர்ப் பக்கம் விடியற்காலையில் போய்ப் பாருங்கள். ஆலையிலும் ரயில்வேயிலும் ஓய்வு பெற்றவர்கள், வீட்டுவேலைக்குப் போவதை நிறுத்திக்கொண்ட பெண்கள், இரண்டு முழங்காலிலும் வலியோடு மெல்ல நடக்கும் பாட்டிமார்கள் எல்லாரும் தெருவில் இருப்பார்கள். ‘தினமும் நடங்கள்’ என்று டாக்டர் சொல்லிவிட்டார்; நடக்கிறார்கள். ஒரு மாதம் ஆனதும் எடை மெஷினில் ஏறி நிற்கிறார்கள். எண் மாறவில்லை என்றால் மனம் சோர்ந்து நடப்பதையே விட்டுவிடுகிறார்கள். மூன்று கிலோ குறைந்திருந்தால் வீடே மகிழ்கிறது. சோர்வுக்கும் சரி, மகிழ்ச்சிக்கும் சரி, அந்த எண் போதிய காரணம் ஆகாது.

எடை என்பது கொழுப்பு, தசை, எலும்பு, நீர் எல்லாம் சேர்ந்த தொகை. புனே கே.இ.எம். மருத்துவமனையின் சித்தரஞ்சன் யாஜ்னிக்கும் லண்டனைச் சேர்ந்த ஜான் யுட்கினும் 2004இல் ‘லான்செட்’ இதழில் தங்கள் படத்தையே சான்றாக வெளியிட்டார்கள். இருவருக்கும் பி.எம்.ஐ. (உயரத்துக்கேற்ற எடைக் குறியீடு) ஒன்றுதான்: 22.3. ஆனால் உடலில் இருந்த கொழுப்பு யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம். பார்வைக்கு ஒல்லியாகத் தெரியும் நம் உடம்புக்குள் கொழுப்பு இப்படித்தான் ஒளிந்திருக்கிறது. வயது ஏறும்போது கை, கால் தசை கரைந்து, வயிற்றைச் சுற்றிக் கொழுப்பு சேர்கிறது. மொத்த எடை பல ஆண்டுகள் மாறாமலேகூட இருக்கலாம். ‘அப்பா முப்பது வருஷமா அதே அறுபது கிலோ’ என்று பெருமைப்படும் பிள்ளைகள், அவர் தரையிலிருந்து எழச் சுவரைப் பிடிக்கிறாரா என்பதைக் கவனிக்க வேண்டும்.

நடை பயனற்றது என்று நான் சொல்லவே இல்லை. வயிற்றுக்குள் இருக்கும் கொழுப்பைக் குறைக்கவும், ரத்த அழுத்தத்தைத் தணிக்கவும், சர்க்கரையைக் கட்டுப்படுத்தவும் அது உதவுகிறது. 2013இல் வெளியான ஒரு சிறிய ஆய்வில், அறுபதைக் கடந்தவர்கள் மூன்று வேளையும் சாப்பிட்ட பின் 15 நிமிடம் நடந்தபோது நாள் முழுதும் சர்க்கரை கட்டுக்குள் இருந்தது. ஒரே மூச்சாக முக்கால் மணி நேரம் நடக்க இடமில்லாத குர்லாவுக்கு இது மிகவும் பொருந்தும்.

ஆனால் தசையைக் காக்கும் வேலையை நடையால் தனியாகச் செய்ய முடியாது. அமெரிக்காவில் டெனிஸ் வில்லாரியல் குழு 2017இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. 65 வயதைத் தாண்டிய, உடல் பருமன் கொண்ட 160 பேரில் மூன்று குழுக்களுக்கு உணவைக் குறைத்து, ஒரு குழுவுக்கு நடை போன்ற மூச்சு வாங்கும் பயிற்சி மட்டும் தந்தார்கள், ஒன்றுக்குப் பளு தூக்கும் பயிற்சி, ஒன்றுக்கு இரண்டும். ஆறு மாதத்தில் இந்த மூன்று குழுக்களுக்கும் எடை ஏறக்குறைய ஒரே அளவு, 9 சதவீதம் குறைந்தது. எடை மெஷினைக் கேட்டால் மூவரும் சமம். உள்ளே பார்த்தால், மூச்சு வாங்கும் பயிற்சி மட்டும் செய்தவர்கள் கொழுப்பல்லாத திசுவில் 5 சதவீதத்தை இழந்திருந்தார்கள். பளு தூக்கியவர்கள் 2 சதவீதம், இரண்டும் செய்தவர்கள் 3 சதவீதம். அன்றாட இயக்கத் திறனில் மிக அதிகமாக முன்னேறியது இரண்டையும் செய்தவர்கள்தான்.

மும்பைக்காரர்கள் இன்னொரு ஆய்வையும் மனதில் வைக்க வேண்டும். எழுபது வயதை ஒட்டிய ஆரோக்கியமான பத்துப் பேரை இரண்டே வாரம் நடையைப் பெரிதும் குறைத்துக்கொள்ளச் சொன்னார்கள். படுக்கையில் கிடக்கவில்லை, வீட்டோடு இருந்தார்கள், அவ்வளவுதான். கால்களின் கொழுப்பல்லாத திசு கிட்டத்தட்ட 4 சதவீதம் குறைந்துவிட்டது. குர்லாவில் ஜூன் முதல் செப்டம்பர் வரை மழை. மித்தி நதி ஓரத்துக் குடியிருப்புகளில் தண்ணீர் ஏறும், சந்தெல்லாம் சேறு. வழுக்கி விழுந்தால் இடுப்பெலும்பு போய்விடும் என்ற பயத்தில் பெரியவர்களை வீட்டுக்குள் உட்கார வைக்கிறோம். பயம் நியாயமானதுதான். அந்த நான்கு மாதத்தில் கால் என்ன ஆகிறது என்பதை மட்டும் யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

மழை விட்டாலும் சாலை விடுவதில்லை. ஸ்டேஷனைச் சுற்றி நடைபாதை என்பது பெயரளவில்தான். 2024 டிசம்பர் 9 இரவு, குர்லா மேற்கில் எஸ்.ஜி. பார்வே சாலையில் கட்டுப்பாட்டை இழந்த மின்சாரப் பேருந்து ஒன்று பாதசாரிகள் மீதும் வாகனங்கள் மீதும் பாய்ந்து, பலரின் உயிரைப் பறித்தது. அந்தச் சாலையில் எழுபது வயதுக்காரரிடம் ‘வேகமாக நடங்கள்’ என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

வீட்டுக்குள் செய்யக்கூடியது இருக்கிறது. கை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவது, சுவரில் கை வைத்துத் தள்ளுவது, குதிகாலை உயர்த்தி இறக்குவது. பத்துக்குப் பத்து அறையில்கூட இதற்கு இடம் உண்டு. வாரத்தில் இரண்டு நாளாவது தசைப் பயிற்சி, மூன்று நாள் சமநிலைப் பயிற்சி என்று உலக சுகாதார நிறுவனமும் 65 வயதைக் கடந்தவர்களுக்குச் சொல்கிறது. சாப்பாட்டில் பருப்பு, முளைகட்டிய பயறு, முட்டை, மீன் சேர வேண்டும். டீயும் பாவும் தசையைக் காக்காது. இதயம், சிறுநீரகம், மூட்டுக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டுவிட்டுத் தொடங்கட்டும்.

அளப்பதற்கும் பெரிய கருவி தேவையில்லை. தசை இழப்பைக் கண்டறிய ஆசிய நிபுணர் குழு 2019இல் வகுத்த அளவுகள் எளியவை: கை ஊன்றாமல் ஐந்து முறை எழுந்து உட்கார 12 விநாடி அல்லது அதற்கு மேல் ஆனால் கவனம் தேவை, கெண்டைக்கால் சுற்றளவு ஆணுக்கு 34, பெண்ணுக்கு 33 சென்டிமீட்டருக்குக் கீழே போனாலும் அப்படியே. ஒரு டேப்பும் கடிகாரமும் போதும். குர்லாவிலிருந்து ஹார்பர் லைனில் மூன்றாவது ஸ்டேஷனான கோவண்டியை ஒட்டி இருக்கும் மக்கள்தொகை அறிவியல் ஆய்வு நிறுவனம், நாடு முழுவதும் 2017-18இல் நடத்திய முதுமை ஆய்வில் பிடிவலிமையையும் நடைவேகத்தையும் வீடு வீடாகப் போய் அளந்தது. களத்தில் இது முடியும் என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

மாநகராட்சியின் ‘ஆப்லா தவாகானா’ மருந்தகங்கள் ரத்த அழுத்தம் பார்க்கும் அதே வரிசையில் எழுந்து உட்காரும் நேரம், கெண்டைக்கால் சுற்றளவு ஆகிய இரண்டு அளவையும் எடுக்கட்டும். மழைக்காலத்தில் பள்ளிக் கூடங்களையும் சமூகக் கூடங்களையும் காலையில் ஒரு மணி நேரம் முதியோர் பயிற்சிக்குத் திறந்துவிடட்டும். அடுத்த ஜூன் வருவதற்குள் எல் வார்டு அலுவலகம் குர்லாவில் இதைத் தொடங்க வேண்டும்.