"அந்த அம்மா ஒத்துழைக்க மாட்டேங்கிறாங்க"

 

மேலே உள்ள தலைப்பு நான் எழுதியது அல்ல. மாற்றுத்திறன் பிள்ளை படிக்கிற பள்ளிகளின் ஆசிரியர் அறையில் அடிக்கடி காதில் விழுகிற வாக்கியம். பணியில் இருந்தபோதும் அதை நான் ஒத்துக்கொண்டதில்லை, இப்போதும் இல்லை.

அந்த அம்மாவை எப்போது கூப்பிடுகிறோம்? பையன் பக்கத்துப் பிள்ளையைக் கடித்தால். வகுப்பிலேயே சிறுநீர் கழித்தால். இல்லாவிட்டால் ஏதோ ஒரு படிவத்தில் கையெழுத்து வேண்டும் என்றால். அதுவும் வேலைநாளில், காலை 11 மணிக்கு. கட்டட வேலைக்குப் போகிறவர் அன்றைய கூலியை விட்டு வந்து, வராந்தாவில் நின்றபடியே நான்கு பேர் முன்னால் பேச்சு வாங்கிக்கொண்டு போக வேண்டும். பள்ளியிலிருந்து போன் என்றாலே வயிறு கலங்குகிறவரிடம் என்ன ஒத்துழைப்பை எதிர்பார்க்கிறீர்கள்?

தனிநபர் கல்வித் திட்டம் என்று ஒன்று உண்டு. ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனியாக, பெற்றோரோடு உட்கார்ந்து எழுத வேண்டியது. நாம் என்ன செய்கிறோம்? எழுதி முடித்துவிட்டு, "இங்கே போடுங்கம்மா" என்று விரலால் காட்டுகிறோம். மணிச் சத்தத்துக்கு அவன் காதைப் பொத்திக்கொண்டு அலறுவான், முன்கூட்டியே சொல்லிவிட்டால் அலறமாட்டான் என்பது அம்மாவுக்குத் தெரியும். நாமாகக் கண்டுபிடிக்க ஒரு வருஷம் ஆகும். கேட்டால் ஒரு நிமிஷம்.

சிறப்புப் பயிற்றுநர் பார்த்துக்கொள்வார் என்கிறார்கள். தொடக்க வகுப்புகளில் இப்படிப்பட்ட 10 பிள்ளைகளுக்கு ஒருவர், மேல் வகுப்புகளில் 15 பேருக்கு ஒருவர் வேண்டும் என்று 2022-லேயே மத்திய அரசு அறிவித்துவிட்டது. நடப்பிலோ ஒரே ஆள் பல பள்ளிகளுக்கு அலைகிறார். அவர் வராத நாளில் பிள்ளை யாருடைய பொறுப்பு? வகுப்பாசிரியர்தானே?

பெற்றோர்களுக்கும் ஒன்று. வலிப்பு வரும், மாத்திரை சாப்பிடுகிறான் என்பதை மறைக்காதீர்கள். "வேற ஸ்கூல் பாருங்க" என்று சொல்லிவிடுவார்களோ என்கிற பயம் புரிகிறது. ஆனால் பாகுபாடு இல்லாமல் சேர்க்க வேண்டும் என்று 2016 சட்டமே சொல்கிறது. துணிந்து சொல்லுங்கள்.

இதற்குப் பெரிய செலவு ஒன்றும் இல்லை. ஒரு 40 பக்க நோட்டு போதும். பையிலேயே போய் வரட்டும். இன்று என்ன செய்தான், எதற்கு அழுதான் என்று இங்கிருந்து இரண்டு வரி, இரவு தூங்கினானா என்று அங்கிருந்து ஒரு வரி. எழுதப் படிக்கத் தெரியாத அம்மா என்றால் வாட்ஸ்அப்பில் குரல் பதிவு.

ஆசிரியராக இருக்கிற என் பிள்ளைகளே, இந்த வாரம் அப்படி ஒரு அம்மாவுக்குப் போன் போடுங்கள். புகார் எதுவும் இல்லாமல். சாயங்காலம், அவர் வேலை முடிந்து வந்த பிறகு.