அமிலம் எங்கே போகும்?

மொரதாபாத்தில் பழைய சர்க்யூட் பலகைகளை எரித்து, சாம்பலை ராம்கங்கை ஆற்றில் அலசி, செம்பும் தங்கமும் எடுத்தார்கள். அமிலக் கழிவு ஆற்றோடு போனது. கொச்சியை அடுத்த கும்பளங்கியில் யாராவது வீட்டிலேயே இதை முயன்றால்? சுற்றிலும் காயல். சாக்கடையில் ஊற்றியது சீனவலைக்கும் இறால் பண்ணைக்கும்தான் போய்ச் சேரும். மீனுக்குச் செம்பு துளியளவிலேயே விஷம்.

அமிலத்தில் கரைந்த செம்பு, இரும்புத் துண்டுகளைப் போட்டால் அவற்றின் மேல் படியும். நைட்ரிக் அமிலமென்றால் பழுப்புப் புகை வரும், நுரையீரலுக்கு ஆபத்து. பிறகு சலவைச் சோடாவைச் சிறிது சிறிதாகச் சேர்க்கலாம். பொங்கும், அவசரம் ஆகாது. பிளீச்சிங் பவுடர் பக்கத்திலேயே வரக்கூடாது, குளோரின் கிளம்பும். அடியில் தங்கும் வண்டலும் நஞ்சே. தொழிற்சாலைகளின் இத்தகைய கழிவைப் புதைக்க அம்பலமேட்டில் தனிக் கிடங்கே இருக்கிறது.

2023 ஏப்ரலில் அமலுக்கு வந்த விதிகளின்படி, பதிவு பெற்ற மறுசுழற்சியாளர்தான் இந்த வேலையைச் செய்யலாம். கேரளத்தில் பழைய பலகைகளை ஹரித கர்ம சேனையிடம் கொடுத்துவிடலாம், அமிலத்தில் போடுவதற்கு முன்பே.