வட்டிக்கு வட்டிக் கணக்கு நம் பிள்ளைகளுக்கு எட்டாததா?

“எனக்குக் கணக்கு வராது” என்று சொல்லி, பாட்டாளி வீட்டுப் பிள்ளைகள் பலர் சர்க்கார் உத்தியோகப் பரீட்சையைக் கண்டு ஒதுங்குகிறார்கள். இது பிறவிக் குறையா? இல்லவே இல்லை. சொல்லித் தர ஆளில்லாத குறை!

தேர்வாணையத்தின் குரூப் 4 பரீட்சையில் 3 மணி நேரத்தில் 200 கேள்விகள். ஒரு கேள்விக்கு 54 விநாடிதான். அவற்றில் 25 கேள்விகள் கணக்கும் மனத்திறனும். கூட்டுவட்டி போன்று பெருகிப் பெருகி வளரும் கணக்குகளில்தான் பிள்ளைகள் திணறுகிறார்கள்.

ஒரு தொகை கூட்டுவட்டியில் 5 ஆண்டில் இரட்டிப்பாகிறது. எட்டு மடங்காக எத்தனை ஆண்டு? அவசரக்காரர் 20 என்பார். 5 ஆண்டில் 2 மடங்கு, 10 ஆண்டில் 4, 15 ஆண்டில் 8. விடை 15. சூத்திரம் எதற்கு?

20,000 ஜனத்தொகை ஆண்டுக்கு 10 சதவீதம் வளர்ந்தால், 3 ஆண்டில் எவ்வளவு? தனிவட்டிபோல் கூட்டினால் 26,000. வளர்ந்த பகுதியும் சேர்ந்து வளர்வதால் விடை அதற்குச் சற்று மேலேதான் இருக்கும். 26,000-மும் அதற்குக் குறைந்தவையும் விடையாகா, உடனே தள்ளிவிடலாம். 100 என்பது 110, 121, 133.1 என்று வளர்வது மனதில் நின்றால் 26,620 தானே வரும். இயந்திரத் தேய்மானமா? 90, 81, 72.9. அவ்வளவே!

வேகம் என்பது மந்திரமல்ல, புரிந்துகொண்டதன் பலன். ஆனால் இதைக் கற்க, திருவாலங்காட்டுக் கரும்பு விவசாயியின் மகள் ரயிலேறிப் பட்டணம் போய்ப் பணம் கட்ட வேண்டுமா? கும்மிடிப்பூண்டி ஒப்பந்தத் தொழிலாளியின் மகன் எங்கே போவான்?

இக்கணக்கு பரீட்சையோடு முடிவதுமில்லை. நூற்றுக்கு மாதம் 10 ரூபாய் வட்டி. கட்டாத வட்டி முதலோடு சேர்கிறது. எட்டாவது மாதத்தில் கடன் இரட்டிப்பைத் தாண்டிவிடும்! 12 மாதத்தில் மூன்று மடங்குக்கும் மேல்! கந்துவட்டியைத் தடை செய்து 2003-ல் சட்டம் வந்தது. ஆனால் கணக்கறியாத கடனாளிக்கு, தான் கொள்ளையிடப்படுவதே தெரியாதே!

கணக்குத் தெரிந்துவிட்டால் வேலைகள் பெருகிவிடும் என்று நாம் சொல்லவில்லை. காலியிடங்களை நிரப்பச் சொல்லிப் போராடத்தான் வேண்டும். ஆனால் இருக்கிற இடத்துக்குப் போட்டியிடும்போது, நம் பிள்ளைகள் ஏன் பின்தங்க வேண்டும்?

தோழர்களே! படிப்பகங்களில் மாலை ஒரு மணி நேரம் விளக்கேற்றுங்கள். ஊரில் படித்த இளைஞர் ஒருவரை அழையுங்கள். ஒரு கரும்பலகை போதும். கட்டணமில்லாக் கணக்கு வகுப்பை இன்றே தொடங்குவோம்!