கிழமை தவறாமல் வருபவர்

சேவை செய்ய வருகிறவர்களை அளந்து பார்க்கும் உரிமை, அந்தச் சேவையைப் பெறுகின்ற மக்களுக்கு உண்டு என்பது எமது கருத்து. 1990இல் வலிகாமம் வடக்கை விட்டு எழும்பிய குடும்பங்களும், 2007இல் முள்ளிக்குளத்தை விட்டு வெளியேறிய குடும்பங்களும் எத்தனையோ பேரைக் கண்டுவிட்டன. படிவம் நிரப்ப வந்தவர்கள், படம் எடுக்க வந்தவர்கள், மூன்று மாதத் திட்டத்துடன் வந்து நான்காம் மாதம் வேறு மாவட்டத்துக்கு மாறிப் போனவர்கள் என்று அந்த வரிசை நீளமானது. அவர்களுள் நல்லவர்களும் இருந்தார்கள். ஆனால் ஒருவரை எதைக்கொண்டு மதிப்பிடுவது? அவர் கொண்டுவந்த பொதியைக் கொண்டா? அவருடைய ஒரு கிழமையைப் பாருங்கள் என்போம் நாம்.

தூரதேசத்தில் பணிசெய்த இளம் குருவானவர் ஒருவரின் கிழமைகளை இதற்காக எடுத்துக்கொள்வோம். பசுபிக் சமுத்திரத்திலுள்ள ஹவாய்த் தீவுகளில் ஒன்றான மொலோக்காயில் வாழ்ந்த தமியான் அடிகளாரே அவர். அவரைத் தொழுநோயாளரின் அப்போஸ்தலர் என்றே நாம் அறிந்திருக்கிறோம். ஆனால் அவர் போய்ச் சேர்ந்த இடம், நிலத்திலிருந்து பிடுங்கப்பட்ட மக்களின் இடம் என்பதை அதிகம் பேர் பேசுவதில்லை.

1865இல் ஹவாய் அரசு ஒரு சட்டம் இயற்றியது. தொழுநோய் உள்ளவர் என்று கண்டால் குடும்பத்திலிருந்து பிரித்து மொலோக்காய்த் தீவின் வடகரைக்கு அனுப்பிவிடுவார்கள். மூன்று பக்கம் கடல், ஒரு பக்கம் செங்குத்தான மலை. 1866 தையில் முதலாவது தொகுதியினர் இறக்கப்பட்டார்கள். அந்த இடத்தில் முன்பே சேம்புத் தோட்டம் செய்து வாழ்ந்த குடிகளிடமிருந்து அரசு காணியை வாங்கி, அவர்களில் பலரை அங்கிருந்து கிளப்பியிருந்தது. ஒரு சனத்தை எழுப்பிவிட்டு மற்றொரு சனத்தைக் கொண்டுபோய் இருத்தும் வேலை எமது நாட்டுக்கு மட்டும் உரியதல்ல. நோயாளர் தாமே பயிரிட்டுத் தம்மைக் காப்பாற்றிக்கொள்வார்கள் என்று அதிகாரிகள் கணக்குப் போட்டார்கள். விரல்கள் மரத்துப்போன மனிதன் எப்படி மண்வெட்டி பிடிப்பான் என்று எவரும் கேட்கவில்லை. கணக்குப் பிழைத்தது. கிழமைக் கணக்கில் இறைச்சியும் இடித்த கிழங்கும் பங்கீடு கொடுக்க வேண்டியதாயிற்று. கடல் கொந்தளித்தால் அதுவும் பிந்தும்.

1873 மே 10ஆம் திகதி, ஆயர் மெக்ரேயுடன் தமியான் அங்கு கரையிறங்கினார். அப்போது அவருக்கு 33 வயது. பெல்ஜியத்தில் திரெமெலோ என்ற கிராமத்தில், தானியம் விளைவித்து விற்ற குடும்பத்தின் பிள்ளை. நோயுற்ற தமையனுக்குப் பதிலாகக் கப்பலேறி, 1864இல் ஹவாய் வந்து, அங்கேயே குருப்பட்டம் பெற்று, பெரிய தீவில் ஒன்பது வருடம் வரை பங்குப்பணி செய்தவர். அந்த நாட்டுப் பாசையை நன்றாகக் கற்றவர். சனங்கள் அவரைக் காமியானோ என்று தங்கள் வாய்க்கு ஏற்றபடி அழைத்தார்கள்.

ஒரு விடயத்தை இங்கே கவனிக்க வேண்டும். தமியானை நிரந்தரமாக அங்கு விடுவது திட்டமல்ல. நான்கு குருக்கள் மாறி மாறி, ஆளுக்குச் சில மாதங்கள் இருப்பதென்றே ஏற்பாடு. முதல் முறை தமியானுக்கு வந்தது. அவர் திரும்பவில்லை. இறக்கும்வரை, ஏறக்குறைய 16 ஆண்டுகள் அங்கேயே இருந்துவிட்டார்.

அவருடைய கிழமை எப்படிப் போயிற்று? முதல் கிழமைகளில் குடிசைகூட இல்லை. கோவிலருகே ஒரு தாழை மரத்தின் கீழ் படுத்தார். ஞாயிறு பூசை, ஞானோபதேசம் எல்லாம் குருவானவருக்கு உரிய வேலைகள். அவற்றை அவர் செய்தார் என்பதில் புதுமை இல்லை. மற்ற நாட்களில் குடிசை குடிசையாகப் போனார். கத்தோலிக்கரா, வேறு சபையாரா என்று பார்க்கவில்லை. புண்களைக் கழுவிக் கட்டினார். நாற்றம் தாங்காமல் சுங்கான் குடிக்கப் பழகினார். (புனிதர் சுங்கான் குடித்தாரா என்று முகம் சுளிப்பவர்கள் ஒரு நாள் அந்த வேலையைச் செய்து பார்க்கட்டும்.) அவர் வருமுன் பெட்டி வாங்கக் காசில்லாதவர்களைத் துணியில் சுற்றிப் புதைத்தார்கள். கிழமைக்குப் பல மரணங்கள் நிகழ்ந்த அந்த நாட்களில் அவரே பலகை அறுத்துச் சவப்பெட்டி செய்தார். சேமக்காலைக்கு வேலி அடைத்தார். அடக்கத்துக்கு மேளமும் ஊர்வலமும் ஒழுங்குசெய்தார். நாயைப் போலப் புதைபடமாட்டோம் என்ற நம்பிக்கை வந்த பிறகே அந்தச் சனங்கள் நாளையைப் பற்றிக் கதைக்கத் தொடங்கியிருப்பார்கள் என்று நாம் நினைக்கிறோம்.

பிறகு தண்ணீர். சனங்கள் தூரத்திலுள்ள ஓடையிலிருந்து தண்ணீர் சுமந்தார்கள். தமியான் வற்றாத ஊற்றைத் தேடி மலைப் பள்ளத்தாக்கில் ஏறிப் போனார். அரசிடம் கேட்டுக் குழாய்கள் வந்து இறங்கின. அவற்றைப் பதித்தவர்கள் யார்? உடலில் வலு மிஞ்சியிருந்த நோயாளர்கள்தாம். புயல் குடிசைகளைச் சரித்தபோதும் இப்படித்தான். மரம் அரசு அனுப்பியது. வீடு கட்டியது தமியானும் சனங்களும். அவருடைய சீவிய சரித்திரங்களில் இந்தத் தொழிலாளரின் பெயர்கள் பெரும்பாலும் இல்லை. அது எமக்குக் குறையாகவே படுகிறது.

நோய் கண்ட பிறகுதான் அவர் பிரசங்கத்தில் “தொழுநோயாளராகிய நாம்” என்று சொன்னார் எனக் கதை சொல்வதுண்டு. அது சரியல்ல. பல ஆண்டுகளுக்கு முன்னரே, “என் சகோதரரே” என்பதை விட்டு அவ்வாறு பேசுவதாக வீட்டாருக்கு எழுதியிருக்கிறார். “நாம்” என்ற சொல் இலேசானதல்ல. எம்போன்ற குருக்கள் “இடம்பெயர்ந்தோராகிய நாம்” என்று பிரசங்கிக்கும்போது, பொழுதுபட மிஷன் வீட்டுக்குத் திரும்ப எமக்கொரு வாகனம் நிற்கிறது என்பது கேட்பவர்களுக்குத் தெரியும்.

தனிமையும் இருந்தது. வந்த ஆண்டிலேயே அவருடைய மேலாளர் கப்பலில் வந்தபோது, கப்பற்தலைவர் தரையிறங்க விடவில்லை. தமியான் வள்ளத்தில் நின்று, எல்லோரும் கேட்க, பிரெஞ்சு மொழியில் உரத்த குரலில் பாவசங்கீர்த்தனம் செய்தார். அவர் முன்கோபக்காரர், சொற்கேளாதவர் என்று அதிகாரிகளும் சில உடன்குருக்களும் முறையிட்டார்கள். இருந்திருக்கலாம். மரத்துக்கும் மருந்துக்கும் இடைவிடாது கேட்டு எழுதுகிறவரை எந்தக் கந்தோர்தான் விரும்பும்?

ஆகவே இடம்பெயர்ந்த குடும்பங்களிடம் நாம் கேட்பது இதுதான். உங்களிடம் ஓர் இளம் அருட்சகோதரரோ அருட்சகோதரியோ தொண்டர்களோ புதிதாக வந்தால், எந்த நாளில் வருவீர்கள் என்று கேளுங்கள். சொன்ன நாளில் வராவிட்டால் காரணம் கேளுங்கள். அது மரியாதைக் குறைவல்ல. கிணறு துப்புரவாக்கும்போது கயிற்றின் ஒரு நுனியை அவர்கள் கையிலும் கொடுங்கள். உங்கள் பெயரையும், விட்டுவந்த காணியின் பெயரையும், அதில் என்ன பயிரிட்டீர்கள் என்பதையும் சொல்லிக் கொடுங்கள். இரண்டாம் கிழமையும் அவர்கள் அதையே கேட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஆறாம் கிழமையும் கேட்டால் பொறுக்க வேண்டியதில்லை.

தமியானுக்கும் நோய் தொற்றியது. 1889 ஏப்ரல் 15இல், 49ஆம் வயதில் இறந்தார். அந்த நோய்க்கு இன்று மாத்திரை இருக்கிறது. ஆட்களைப் பிரித்து வைக்கும் ஹவாய்ச் சட்டம் 1969இல் நீக்கப்பட்டது. 1936இல் பெல்ஜியம் அவருடைய உடலைத் தோண்டித் தாய்நாட்டுக்குக் கொண்டுபோனது. 1995இல் பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் அவரை முத்திப்பேறு பெற்றவராக உயர்த்தியபோது, அவருடைய வலது கை ஹவாய் மக்களிடம் திருப்பிக் கொடுக்கப்பட்டது. அவர்கள் அதை மொலோக்காய்க்குக் கொண்டுபோய்ப் பழைய கல்லறையிலேயே அடக்கம் செய்தார்கள்.