அலுமாரி மேலிருந்த டீ.வி. கேம்



சென்ற மாதம் நோட்டன் பிரிட்ஜில் இருக்கும் ராத்தா வீட்டுக்குப் போயிருந்தேன். நல்ல மழை. அந்த ஊரில் மழை பெய்யாத நாளைத்தான் விசேஷமாகச் சொல்ல வேண்டும். ராத்தா அலுமாரி மேலிருந்து ஒரு பெட்டியை இறக்கி வைத்தார். 1993இல் மச்சான் சவூதியிலிருந்து லீவில் வந்தபோது பிள்ளைகளுக்குக் கொண்டு வந்த டீ.வி. கேம். மச்சான் மௌத்தாகி நான்கு வருடமாகிறது.

"பேரன் கேட்கிறான். இந்தப் புது டீ.வி.யில் கொழுவலாமா, பார். அவர் கையால் வாங்கின சாமான். எரிந்து போனால் எனக்குத் தாங்காது" என்றார்.

உங்கள் வீட்டு அலுமாரியிலும் இப்படி ஒன்று கிடக்கலாம். அவசரப்பட்டு பிளக்கைச் செருகி விடாதீர்கள். முதலில் அடப்டரைத் திருப்பி, அதில் ஒட்டியிருப்பதை வாசியுங்கள். 1983இல் ஜப்பானில் வெளிவந்த நின்டென்டோ ஃபெமிகொம்மின் அசல் அடப்டர் 100 வோல்ட்டுக்குச் செய்தது. நம் வீட்டுச் சுவரில் வருவது 230 வோல்ட். செருகினால் புகைதான் வரும். அடப்டர் தொலைந்துவிட்டதென்று கடையில் வேறொன்று வாங்கும்போதும் ஒரு விஷயம் உண்டு. ஃபெமிகொம்முக்கு, முனையின் உள்பக்கம் மைனஸ், வெளிப்பக்கம் பிளஸ். கடையில் கிடைக்கும் பல அடப்டர்கள் இதற்கு நேர்மாறானவை. கேமிலும் அடப்டரிலும் இருக்கும் சிறு வட்டப் படம் இரண்டும் ஒன்றா என்று பாருங்கள். இதைப் பார்க்காமல் தம்பியின் கேம் ஒன்றை எரித்தவள் நான். அந்த வாடை இன்னும் மூக்கில் இருக்கிறது.

அடுத்தது வயர். நம் வீடுகளுக்கு வந்தவற்றில் பெரும்பாலானவை ஃபெமிகொம்மைப் பார்த்துச் செய்த மலிவுப் பெட்டிகள். அநேகமாக அவற்றில் மஞ்சள், வெள்ளை என்று இரண்டு துளைகள் இருக்கும். மஞ்சள் படத்துக்கு, வெள்ளை சத்தத்துக்கு. என்டெனா வயர் மட்டும் இருந்தால், அதை டீ.வி.யின் என்டெனா துளையில் செருகி, கேமைப் போட்டுவிட்டு, டீ.வி.யில் அனலொக் சனல் தேட விடுங்கள். அசல் ஜப்பான் பெட்டி இந்த வழியில் சரிவராது. அதன் சனல் ஏறக்குறைய 90 முதல் 100 மெகாஹேர்ட்ஸுக்குள். நம் நாட்டில் அது எஃப்.எம். ரேடியோவின் இடம். டீ.வி. அங்கே தேடாது.

புது டீ.வி.க்களில் சிலவற்றில் வட்டத் துளைகளே இல்லை. எச்.டி.எம்.ஐ. மட்டும் இருந்தால், இடையில் வைக்க ஒரு சிறு மாற்றிப் பெட்டி வேண்டும். கடையில் இரண்டு வகை ஒரே தோற்றத்தில் இருக்கும். "ஏ.வி.யை எச்.டி.எம்.ஐ. ஆக்குவது" என்று வாய்திறந்து கேட்டு வாங்குங்கள். மற்றது எதிர்ப்பக்கம் வேலை செய்வது, உங்களுக்கு உதவாது.

வாத்து சுடும் துவக்கு இருந்தால் பிள்ளைக்கு முதலிலேயே சொல்லி விடுங்கள், புது டீ.வி.யில் அது சுடாது. பழைய குழாய் டீ.வி. திரையில் வெளிச்சம் வரும் நேரத்தைக் கணக்குப் பார்த்துத்தான் அந்தத் துவக்கு வேலை செய்தது. அதற்காகப் பழைய டீ.வி.யைத் தேடி எடுத்தாலும் அதன் பின்மூடியைக் கழற்ற வேண்டாம். பிளக்கைக் கழற்றிய பிறகும் உள்ளே பல ஆயிரம் வோல்ட் தங்கியிருக்கும்.

கெசட்டை வாயால் ஊதுவது நம் எல்லோருக்கும் பழக்கம். எச்சில் ஈரம் செம்புத் தகட்டை அரிக்கும். நோட்டன் பிரிட்ஜ் குளிரில் ஏற்கெனவே ஈரம் போதாதா? ஐசோப்ரொப்பைல் ஸ்பிரிட்டைப் பஞ்சில் தொட்டுத் துடைத்து, நன்றாகக் காய விடுங்கள்.

ராத்தாவின் அடப்டரில் 220 வோல்ட் என்றிருந்தது. நிம்மதி. கொழுவினோம். படம் வந்தது, ஆனால் கறுப்பு வெள்ளையில். ராத்தாவின் முகம் வாடிவிட்டது. பார்த்தால் பழுது ஒன்றுமில்லை. அந்த டீ.வி.யில் மஞ்சளுக்கும் பச்சைக்கும் ஒரே துளை. ரிமோட்டில் "கொம்போனன்ட்" என்றிருந்ததை "ஏ.வி." என்று மாற்றியதும் நிறம் வந்தது.

பேரன் ஒரு கட்டையை எடுத்துக்கொண்டு மற்றதை ராத்தாவிடம் நீட்டினான். "லீவில் வந்தால் இதை அவர்தான் பிடிப்பார்" என்று சொல்லி, வாங்கிக்கொண்டார்.